மதுரை ஏர்போர்ட்ல இறங்கியாச்சு, அடுத்து எதுல போறது?

மதுரைல வந்து இறங்குற நிறையப் பேருக்கு மதுரைக்குள்ள ஒரு வேலையும் இருக்காது. சிவகாசி, பரமக்குடி, தேனின்னு சுத்துப்பட்டுல இருக்கவங்க எல்லாருக்கும் இதான் பக்கத்து ஏர்போர்ட். ஆனா வெளிய வந்ததும் வாய்ல வர்ற முதல் கேள்வி என்னமோ "அண்ணே, பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவு"ங்கறதுதான், காசும் நேரமும் வீணாப் போறது அங்கதான். அதனால ஆட்டோவா காரான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, ஊருக்குள்ள போகணுமா இல்ல ஊரைத் தாண்டணுமான்னு முதல்ல முடிவு பண்ணிக்கங்க.

ஏர்போர்ட் இருக்குறது ஊருக்குத் தெக்க, பெருங்குடி பக்கத்துல. ஜங்ஷன் ஸ்டேஷனுக்கு சுமாரா 12 கிலோமீட்டர். பெருங்குடில இருந்து வடக்க போனா அவனியாபுரம், வில்லாபுரம், தெற்குவாசல் தாண்டி ஊருக்குள்ள போயிரலாம். தெக்க கொஞ்ச தூரம் போனா மண்டேலா நகர்ல ரிங் ரோடு வந்துரும், அதுல கிழக்க திரும்பினா சிந்தாமணி, விரகனூர், பாண்டி கோயில் வழியா மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட், மேற்க திரும்பினா கப்பலூர், திருமங்கலம். இந்தப் படம் மட்டும் மனசுல இருந்தா போதும், எந்த டிரைவரும் உங்களை சுத்தல்ல விட முடியாது.

சரி, ஊருக்குள்ளதான்னு வைங்க, ஸ்டேஷன், பெரியார், டவுன்ஹால் ரோடு லாட்ஜ், மீனாட்சியம்மன் கோயில் இந்த ஏரியா. பெட்டி வர்ற பெல்ட் பக்கத்துல நிக்கும்போதே ஓலா, ஊபர், ரேபிடோ மூணையும் திறந்து ரேட்டைப் பாத்துருங்க, புக் பண்ணாட்டியும் பரவால்ல, வெளிய நிக்கிற டாக்ஸிக்காரர் ஒரு ரேட் சொல்லும்போது அது நியாயமா இல்லையான்னு தெரியணும்ல. ஆப்ல இருக்கறதை விட நூறு ரூபா கூடக் கேட்டா, வண்டி கண்ணு முன்னாடி நிக்குது, வெயில்ல நிக்க வேணாம், நான்னா ஏறிருவேன். ரெண்டு மடங்கு கேட்டா மட்டும் பேசாம ஆப்புக்கு போயிருங்க. ரெட் டாக்ஸி, பாஸ்ட் டிராக் மாதிரி போன் போட்டு வரச்சொல்ற டாக்ஸியும் மதுரைல ஓடுது, வயசானவங்க கூட இருந்தா பிளைட் ஏறுறதுக்கு முன்னாடியே அதுல சொல்லி வைக்கிறது நிம்மதி.

ஆப்ல புக் ஆனதும் டிரைவர் போன் பண்ணுவாரு. "எங்க சார் டிராப்பு? கேஷா ஆன்லைனா?" இந்த ரெண்டு கேள்விக்கும் நீங்க சொல்ற பதிலை வச்சுத்தான் அவரு வர்றதும் வராததும். கேஷ்னு சொன்னா பாதிப் பிரச்சனை முடிஞ்சுரும். "ஆப்ல காட்டுறதுக்கு மேல நூறு போட்டுக் குடுங்க சார், அங்கிட்டு இருந்து காலியா வரணும்"னு சொன்னாருன்னா அதை போன்லயே பேசி முடிச்சுருங்க, பெட்டியெல்லாம் டிக்கில ஏத்துன பிறகு பேசுனா பேச்சு வேற மாதிரி போகும். ஆட்டோன்னாலும் இதே கதைதான், மீட்டர்னு ஒண்ணு இருக்குன்னே மறந்துருங்க, ஏறுறதுக்கு முன்னாடி "மொத்தம் எவ்வளவுண்ணே, லக்கேஜ் எல்லாம் சேத்துத்தானே"ன்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டுக்கங்க. ஆளு ஒண்ணு, பை ஒண்ணுன்னா ஆட்டோ சரிதான். ரெண்டு பெரிய பெட்டி வந்துட்டா ஆட்டோல ஒண்ணு உங்க மடிலதான் வரும்.

கோயில் பக்கம் ரூம் போட்டவங்களுக்கு ஒரு விஷயம், சித்திரை வீதிக்குள்ள வண்டி போகாது, எவ்வளவு காசு குடுத்தாலும் போகாது. மாசி வீதி, ஆவணி மூல வீதி பக்கம் எங்கயாச்சும் இறக்கி விடுவாங்க, அங்க இருந்து நடைதான். லாட்ஜ்ல போன் போட்டு எந்த வீதில இறங்குனா பக்கம்னு கேட்டு அதையே டிரைவர்ட்ட சொல்லுங்க, கோயிலுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கு, தெற்கு வாசல் பக்கம் இறங்கிட்டு வடக்கு வீதி ரூமுக்குப் பெட்டியை உருட்டிட்டு போறதெல்லாம் பாவம்.

பஸ்ஸா? காசு ரொம்பக் கம்மிதான், சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்ல. ஏர்போர்ட்ல பஸ் நிக்கிறதைப் பாத்தா ஏறிக்கங்க, ஆனா அதையே நம்பிக் காத்துட்டு நிக்காதீங்க. பெருங்குடி வரைக்கும் ஒரு ஆட்டோ பிடிச்சுட்டா அங்க பெரியார் போற பஸ் வரும். முதுகுப் பையோட வர்ற காலேஜ் பசங்களுக்கு இதுதான் பெஸ்ட், ஸ்டேஷனும் பெரியார்ல இருந்து நடக்குற தூரம்தான். காலைல ஆபீஸ் நேரமும் சாயங்காலம் ஸ்கூல் விடுற நேரமும் தெற்குவாசல் பக்கம் பஸ்சும் நகராது காரும் நகராது, டிரெயினைப் பிடிக்கணும்னா அந்த நேரத்தைக் கூடவே வச்சுக் கிளம்புங்க.

ஊருலயே வடக்கு, கிழக்குப் பக்கம் போறவங்க, அதாவது கே.கே.நகர், அண்ணாநகர், ஒத்தக்கடை, ஹைகோர்ட் பக்கம், இவங்க தெற்குவாசல் பக்கமே எட்டிப் பாக்க வேணாம், ரிங் ரோடுதான். ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களும் அப்படித்தான், வேலம்மாள் ஆஸ்பத்திரி ரிங் ரோட்டுலயே இருக்கு, மீனாட்சி மிஷன் மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டுல. கிலோமீட்டர் கூட வரும், மேப்பும் சில நேரம் ஊருக்குள்ளதான் இழுக்கும், ஆனா நோயாளியை வச்சுக்கிட்டு வில்லாபுரத்துல பிரேக் பிரேக்கா அடிச்சுப் போறதுக்கு இது எவ்வளவோ மேல். டோல் வந்தா அது வாடகைல சேத்தியான்னு கேட்டுக்கங்க. திருப்பரங்குன்றம், திருநகர்க்காரங்களுக்கு அவனியாபுரத்துல இருந்தே மேற்க ரோடு பிரியுது.

இப்ப வெளியூர். திருநெல்வேலி, விருதுநகர், தூத்துக்குடின்னு தெக்க போறவங்க மாட்டுத்தாவணி வரைக்கும் போயிட்டு அதே ரோட்டுல திரும்பி வர்றது இருக்கே, அதைப் பாத்தா எனக்கே வயிறு எரியும். அந்த பஸ்செல்லாம் ரிங் ரோட்டுல இறங்கி மண்டேலா நகர் வழியாத்தான் வருது, கையில லக்கேஜ் கம்மின்னா அங்கயே நின்னு ஏறலாம். ஒன் டூ ஒன் பஸ் வழில எங்கயும் நிக்காது, சாதா பஸ்ஸுக்குக் கை காட்டுங்க. ஆனா வெள்ளி, ஞாயிறு சாயங்காலம்னா சீட் கிடைக்காது, குழந்தை குட்டியோட வந்தவங்க மாட்டுத்தாவணியே போயி உக்காந்து வாங்க. ராமேஸ்வரம், பரமக்குடி, காரைக்குடி, திருச்சி எல்லாத்துக்கும் மாட்டுத்தாவணிதான். தேனி, திண்டுக்கல், பழனி, கோயம்புத்தூர்னா ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட், அது ஊருக்கு அந்தப் பக்கம், பழங்காநத்தம் காளவாசல்னு சுத்தித்தான் போகணும், வேற வழியில்ல.

டாக்ஸிலயே நேரா ஊருக்குப் போறீங்கன்னா டிராப் டாக்ஸி விளம்பரத்தைப் பாத்து மயங்கிராதீங்க. "ஒன் வே மட்டும் குடுத்தா போதும்"பாங்க, ஆனா நிறைய இடத்துல மினிமம் 130 கிலோமீட்டர்னு வச்சிருப்பாங்க. திருநெல்வேலிக்கு அது லாபம். தேனி, திண்டுக்கல் எல்லாம் நூறு கிலோமீட்டருக்குள்ளதான், ஓடாத தூரத்துக்கும் சேத்து அழணும். அந்த மாதிரி பக்கத்து ஊருக்கு உங்க ஊர்ல இருக்க டிராவல்ஸ்ல சொல்லி வண்டியை வரவைக்கிறது சல்லிசா முடியும், ஆளும் தெரிஞ்ச ஆளா இருப்பாரு. டோல், டிரைவர் பேட்டா, கொடைக்கானல்னா மலை ஏறுற சார்ஜ், தேக்கடி மூணாறுன்னா கேரளா பெர்மிட், இது நாலையும் முதல்லயே வாட்ஸப்ல எழுதி வாங்கிருங்க. வண்டி வந்ததும் நம்பர் பிளேட் மஞ்சளான்னு பாருங்க, வெள்ளை பிளேட்னா வாடகைக்கு ஓட்டுற வண்டி கிடையாது.

கடைசியா ரெண்டு சீசன். சித்திரைத் திருவிழால தேரோட்டமும் அழகர் ஆத்துல இறங்குற நாளும் மாசி வீதி, கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் வண்டியே விட மாட்டாங்க, அன்னைக்கு ரூம் ஊருக்குள்ள போட்டிருந்தா முதல் நாள் ராத்திரியே வந்து சேர்ந்துருங்க. இன்னொண்ணு தைப்பொங்கல் அன்னைக்கு, அவனியாபுரத்துல ஜல்லிக்கட்டு, ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள போற வழியும் அவனியாபுரம்தான். டிரைவரே சொல்லுவாரு, இருந்தாலும் ஏறும்போதே "ரிங் ரோட்டுல போயிருவோம்ணே"ன்னு ஒரு வார்த்தை போட்டு வைங்க, வாடகையும் அந்த வழிக்கே பேசிக்கங்க.