தோட்டப் பட்டணத்தில் நலக்கல்வி: முதல்முறை எடுக்கப் போகும் ஆசிரியர்களுக்கு

இடைநிலைப்பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், அட்டவணையில் நலக்கல்வி என்று ஒரு பாடவேளை உங்கள் பெயருக்கு எதிரே இருக்கிறது. பெரும்பாலும் நீங்கள் கேட்டு வாங்கியதாக இருக்காது. பரவாயில்லை, அதை எப்படி எடுப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா, சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர் என்றால், ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். ஒரு பையன் "எங்க மாமா தண்ணி போட்டுட்டு வந்து…" என்று ஆரம்பித்தால், எந்த மாமா என்று வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் மாமா காதுக்கும் போய்விடும். பெரிய நகரத்துப் பள்ளிகளை நினைத்துத் தயாரிக்கும் பயிற்சித் தாள்களில் "உன் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்" என்று தாராளமாகப் போட்டிருப்பார்கள். நம் ஊரில் அதைத் தொடவே வேண்டாம். சொந்தக் கதை எதுவும் வெளியே வராமல், பிள்ளை தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான்.

படி 1: பாடம் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தில் உறவு, பாலியல், உடல்நலம் பற்றிய கல்வியை 2020 செப்டம்பரிலிருந்து இடைநிலைப்பள்ளிகளில் கட்டாயமாக்கிவிட்டார்கள். இங்கே அது சிதறிக் கிடக்கிறது. கொஞ்சம் நலக்கல்வியில், கொஞ்சம் நன்னெறிக் கல்வியில், மிச்சம் ஆலோசக ஆசிரியரிடம். 'பியர்ஸ்' என்ற இனப்பெருக்க, சமூக நலக்கல்விப் பகுதி 2011-இல் வந்தது. உங்கள் படிவத்துக்கு (வகுப்பு நிலைக்கு) உரிய பாடத்திட்டப் பக்கங்களை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். "இதையெல்லாமா சொல்லித் தர்றீங்க?" என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கம்தான் உங்களுக்குத் துணை.

இன்னொன்று, மழை பெய்து திடலில் உடற்கல்வி நடத்த முடியாமல் போனால்தான் நலக்கல்வி என்ற வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. வாரத்தில் எந்த நாள் என்று உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் அடித்தாலும் அன்றைக்கு வகுப்பறைதான்.

படி 2: ஏற்கெனவே என்ன தெரியும் என்று பாருங்கள்

ஆளுக்கு ஒரு தாள், பெயர் எழுத வேண்டாம். "வேப்பில் (மின்சிகரெட்டில்) என்ன இருக்கிறது? ஒருவன் முதல்முறை ஏன் அதை வாங்கி இழுக்கிறான்?" என்று இரண்டே கேள்வி, பத்து நிமிடம். மலாய், தமிழ், படம், எப்படி எழுதினாலும் சரி. தமிழ்ப்பள்ளி முடித்து, மலாயைப் பலப்படுத்த ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை ரொம்ப முக்கியம். மலாயில் எழுதத் தயங்குகிறவன் வெறும் தாளைத் தந்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவோம்.

இந்தத் தாள்களைப் படிக்காமல் அடுத்த பாடத்தைத் திட்டமிடாதீர்கள். "வெறும் தண்ணி ஆவிதான், ஒண்ணும் பண்ணாது" என்ற பதில் பல தாளில் இருந்தால் நிக்கோட்டினில் ஆரம்பிக்க வேண்டும். அது தெரிந்தே இழுக்கிறார்கள் என்றால் நிக்கோட்டின் பாடம் வீண்.

படி 3: விதிமுறை

நாலு வரி போதும். யார் பெயரும் சொல்லக்கூடாது. "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்றும் ஆரம்பிக்கக்கூடாது. பதில் சொல்ல விருப்பம் இல்லையென்றால் "பாஸ்" சொல்லலாம், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. உடலுறுப்புகளுக்குப் பாடநூலில் உள்ள பெயர்தான். ஆசிரியருக்கும் இதே விதிதான். "டீச்சர், நீங்க குடிச்சிருக்கீங்களா?" என்று கட்டாயம் ஒருத்தன் கேட்பான். "பாஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

படி 4: கதை ஒன்று கட்டுங்கள்

சொந்தக் கதைக்குப் பதில் கற்பனைக் கதை. பள்ளியில் யாருக்கும் இல்லாத பெயராகத் தேர்ந்தெடுங்கள். ஊர் மட்டும் நம் ஊர் மாதிரியே இருக்கட்டும். உதாரணத்துக்கு ஒன்று:

"கவின் படிவம் 2. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்பளம் வாங்கப் போகிறான். கடைகளுக்குப் பின்னால், தன்னோடு பந்து விளையாடும் அண்ணன் ஒருவர் நிற்கிறார். 'டேய், ஒரே ஒரு இழு' என்று வேப்பை நீட்டுகிறார். கூட நிற்கும் இரண்டு பேர் சிரிக்கிறார்கள்."

இங்கே நிறுத்துங்கள். கவின் என்ன செய்ய வேண்டும் என்று கேட்காதீர்கள், எல்லாரும் "வேண்டாம் என்று சொல்ல வேண்டும்" என்று ஒப்பிப்பார்கள். "கவின் மனத்தில் இப்போது என்ன ஓடும்?" என்று கேளுங்கள். அப்போதுதான் நிஜம் வரும்: அண்ணன் அடுத்த ஆட்டத்தில் சேர்க்க மாட்டாரோ, பயந்தாங்கொள்ளி என்று சொல்வார்களோ.

அதன் பிறகு, வாயால் சொல்லக்கூடிய வரிகளை அவர்களே எழுதட்டும். "வேணாம்ண்ணே, எனக்கு இருமல்." "அம்மா சட்டையை மோந்து பாப்பாங்கண்ணே." "கோச்சுக்குத் தெரிஞ்சா டீம்லேருந்து தூக்கிடுவாரு." இரண்டிரண்டு பேராக எழுந்து நின்று சொல்லிப் பார்க்கட்டும். சாக்குச் சொல்வது பொய்தானே என்று நன்னெறி ஆசிரியர் வருத்தப்படலாம். ஆனால் இது சின்ன ஊர். அந்த அண்ணனை நாளைக்கும் திடலில் பார்க்க வேண்டும். அவர் முகம் சுருங்காமல் நழுவத் தெரிந்த பையன்தான் இரண்டாவது தடவையும் தப்பிப்பான்.

சட்டத்தைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு சிகரெட்டோ வேப்போ விற்பது குற்றம். மதுவுக்கு அந்த வயது 21. அபராதத்தை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: கைப்பேசிப் படங்கள். 18 வயதுக்குட்பட்ட ஒருவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் இன்னொருவருக்கு அனுப்புவதும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். வாட்ஸ்அப் குழுவில் வந்ததைத் தட்டிவிடுவதும் அதில் அடங்கும் என்று பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

படி 5: மாதவிடாய்ப் பாடம்

பையன்களை வெளியே அனுப்பாதீர்கள். விளக்கம் சேர்ந்தே நடக்கட்டும், கேள்வி நேரத்தை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பேட், ஒரு மேசைக்கரண்டி, சிற்றுண்டிச்சாலையிலிருந்து கொஞ்சம் சிராப் தண்ணீர். பேட்டைப் பிரித்து மேசைமேல் வைத்து, ஒவ்வொரு கரண்டியாக மெதுவாக ஊற்றுங்கள். ஒரு மாதவிடாய் முழுவதிலும் வெளியேறும் இரத்தம் சராசரியாக 30-இலிருந்து 40 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மூன்று கரண்டி. முதல் கரண்டிக்குச் சிரிப்புச் சத்தம் வரும், மூன்றாவதுக்குள் எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம், கிளினிக்குக்குப் போக வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். சடங்கு வைப்பது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் போகாதீர்கள். வீட்டில் பந்தல் போட்டு மஞ்சள் நீர் ஊற்றிய பிள்ளை முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும்.

படி 6: மைலோ டின்

காலி டின் மூடியில் ஒரு கீறல். ஒரே அளவில் வெட்டிய தாள்களை எல்லாருக்கும் கொடுங்கள். கேள்வி இல்லாதவரும் காலையில் என்ன சாப்பிட்டார் என்று இரண்டு வரி எழுதிப் போட வேண்டும். எல்லாப் பேனாவும் ஒரே நேரத்தில் ஓடினால்தான் கேள்வி கேட்டவர் யார் என்று தெரியாது. அங்கேயே பிரித்துப் படிக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரியுங்கள். அடுத்த வாரம் பதில் சொல்லக்கூடியவை ஒரு பக்கம், ஆலோசக ஆசிரியரையோ தாதியையோ கேட்க வேண்டியவை இன்னொரு பக்கம். படித்ததும் வயிற்றைக் கலக்குகிற தாள் ஏதாவது இருந்தால் மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள்.

படி 7: ஒரு பிள்ளை தனியாக வந்து சொன்னால்

"டீச்சர், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். சத்தியம் பண்ணாதீர்கள். "உனக்கு ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன், யாரிடம் என்று உனக்கும் சொல்லிவிடுவேன்" என்று பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் கேளுங்கள். "அவரா? இங்கே தொட்டாரா?" என்று நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். "அப்புறம்?" என்பது போதும். பிள்ளை போனதும், அது சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி நாளும் நேரமும் போட்டு வையுங்கள். உங்கள் ஊகத்தை அதில் கலக்க வேண்டாம்.

பாலியல் தொல்லை பற்றிய விஷயமென்றால், தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே அந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம். ஆலோசக ஆசிரியரிடமும் முதல்வரிடமும் அன்றைக்கே போங்கள். காவல்துறையில் புகார் செய்வது அடுத்தது. 15999, தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி, 24 மணி நேரமும் உண்டு. பெரிய அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இதற்கென்றே ஓ.எஸ்.சி.சி. என்ற, எல்லா உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கும் நெருக்கடி உதவிப் பிரிவு இருக்கிறது. குற்றம் சாட்டப்படுபவர் வீட்டிலேயே இருக்கும்போது, யோசிக்காமல் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். ஆசிரியர் அறையிலும் மூச்சு விடக்கூடாது. அங்கே தேநீர் கலக்குகிறவர் அந்தப் பிள்ளையின் சின்னம்மாவாக இருக்கலாம்.

படி 8: பெற்றோருக்கு ஒரு பக்கம்

விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) போகிற பெற்றோர் இப்போது குறைவு, பலர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தை நம்பினால் வழக்கமாக வருகிறவர்கள்தான் வருவார்கள். இந்தத் தவணையில் என்னென்ன பாடம், எந்தப் பக்கம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதையே குரல்பதிவாகவும் போடுங்கள், படிப்பதைவிடக் கேட்பது சுலபம் என்கிற அம்மாக்கள் உண்டு. "எதற்கு இதெல்லாம்" என்று கோபமாகப் பதில் வந்தால் குழுவில் வாதாடாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுப் பாடநூலைக் காட்டிப் பேசுங்கள். இரவு ஷிப்டில் இருப்பவர் என்றால் காலையில் அழைக்காதீர்கள், அப்போதுதான் படுத்திருப்பார்.