எண்முறை சிமுலேஷனுக்கான பொருள்நோக்கு நிரல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துகள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் சிமுலேஷனை சி++ மொழியில் எழுதத் தொடங்குபவர்கள் பலர், துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆப்ஜெக்ட் என்றே கிளாஸை அமைக்கிறார்கள். பாடநூல் இலக்கணத்துக்கு இது பொருந்தும். வேகத்தைப் பெரிதும் கெடுப்பதும் இதுவே. நிலைக்கு மூன்று, திசைவேகத்துக்கு மூன்று, நிறைக்கு ஒன்று என ஏழு டபுள் எண்கள் 56 பைட்டுகளை எடுத்துக்கொள்கின்றன. கிளாஸில் விர்ச்சுவல் ஃபங்ஷன் (எந்த வடிவம் இயங்கும் என்பது நிரல் ஓடும்போதே முடிவாகும் ஃபங்ஷன்) ஒன்றேனும் இருந்தால், 64 பிட் கணினியில் கம்பைலர் சேர்க்கும் பாயின்டரால் அது 64 பைட்டுகளாகிவிடும். பெரும்பாலான செயலிகளில் கேஷ் லைனின் (நினைவகத்திலிருந்து செயலி ஒரே முறையில் எடுத்துவரும் துண்டின்) அளவும் 64 பைட்டுகளே என்பதால், மொத்த நிறையைக் கூட்டும் எளிய லூப்கூட, தனக்குத் தேவையான ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு முழு லைனை நினைவகத்திலிருந்து இழுத்துவர நேர்கிறது.

எனவே கிளாஸின் எல்லையைத் துகளைச் சுற்றி வரையாமல், துகள்களின் தொகுப்பைச் சுற்றி வரைந்து, நிலை, திசைவேகம், நிறை ஆகியவற்றைத் தனித்தனி அரேக்களாக அதனுள் வைக்க வேண்டும். (ஒரு துகளின் எல்லா மதிப்புகளையும் எப்போதும் சேர்த்தே, அதுவும் தாறுமாறான வரிசையில் படிக்கும் நிரலுக்குப் பழைய அமைப்பே மேலாக இருக்கலாம்.)

உள் லூப்பில் விர்ச்சுவல் ஃபங்ஷனை அழைப்பதும் இதே வகைத் தவறுதான். அழைப்புக்கு ஆகும் நேரத்தைவிட, எந்த ஃபங்ஷன் இயங்கும் என்பது கம்பைலருக்குத் தெரியாததால் இன்லைனிங்கும் (ஃபங்ஷனின் உடலை அழைக்கும் இடத்திலேயே பதிப்பது) வெக்டரைசேஷனும் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடுவது) தடைபடுவதே பெரிய இழப்பு. விசை விதியை மாற்றிக்கொள்ளும் வசதி தேவையெனில், காலப்படி ஒன்றுக்கு ஒரு முறை, தொகுப்பு முழுமைக்குமாக அதை அழைத்தால் அந்தச் செலவு கண்ணில் படாது.

கூட்டல் போன்ற குறிகளுக்குக் கிளாஸே பொருள் வரையறுக்கும் ஆபரேட்டர் ஓவர்லோடிங்கில் மறைந்திருப்பது வேறொரு செலவு. மூன்று வெக்டர்களைக் கூட்டும் ஒரு வரியை நேரடியாக எழுதப்பட்ட கிளாஸ் செயல்படுத்தும்போது, இடையில் தற்காலிக அரே உருவாகி, தரவு நினைவகத்தில் வீணாக ஒரு சுற்றுப் போய்வருகிறது. டாட் வெல்துய்சன் 1995இல் விவரித்த எக்ஸ்பிரஷன் டெம்ப்ளேட் முறை, கோவையை உடனே கணக்கிடாமல் விடை தேவைப்படும்போது ஒரே லூப்பில் கணக்கிட்டு இதைத் தவிர்க்கிறது. நேரியல் இயற்கணிதத்துக்கான சி++ நூலகமான ஐகனும் அம்முறையையே பயன்படுத்துகிறது. ஆனால் அதில் ஒரு கோவையை 'ஆட்டோ' என்று அறிவித்த மாறியில் சேமித்தால், கிடைப்பது விடையன்று, இன்னும் கணக்கிடப்படாத கோவையே. அது சுட்டும் தற்காலிக மதிப்பு அழிந்துவிட்டால் விடை பிழையாகும்.

சி++ மொழியின் std::vector ஒன்றுக்குள் இன்னொன்றாக மேட்ரிக்ஸை அமைத்தால் அதன் வரிசைகள் நினைவகத்தில் தனித்தனியே கிடக்கும் என்பதால், அதையும் விட்டுவிடலாம். ஒரே தொடர் அரேயே போதும்.

இம்மாற்றங்களால் கூட்டலின் வரிசை மாறினால், மிதவைப் புள்ளி விடைகளின் கடைசி இலக்கங்களும் மாறக்கூடும். ஆகவே பழைய விடையுடன் துல்லியச் சமத்தை எதிர்பார்க்கும் சோதனைகளை, மாற்றத்தைத் தொடங்கும் முன்பே, பிழை வரம்புடன் ஒப்பிடுவனவாகத் திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.