டீமுக்கு 'இஸ்'ஸா, 'ஆர்'ரா? கூட்டப் பெயருக்கு வினை பொருத்தும் முறை

டீம், ஃபேமிலி, கமிட்டி, கிளாஸ், ஸ்டாஃப், க்ரௌட். சொல் ஒன்றுதான், உள்ளே இருப்பவர்கள் பலர். இவற்றுக்குப் பின்னால் 'இஸ்' போடுவதா 'ஆர்' போடுவதா என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையும் தயங்குகிறது, வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதும் நர்ஸும் தயங்குகிறார்.

இதில் நமக்குத் தமிழே பாதி வழி காட்டுகிறது. அணி வென்றது, குடும்பம் வந்திருக்கிறது, கூட்டம் கலைந்தது என்று கூட்டப் பெயருக்கு ஒருமை வினைதான் போடுகிறோம். ஆங்கிலத்திலும் பெரும்பாலும் அதுதான் சரி. 'தி டீம் ஹேஸ் வன்', 'தி க்ரௌட் இஸ் லீவிங்'. ஆகவே முதலில் மனசில் வரும் ஒருமையை நம்பலாம். அது எங்கெங்கே ஏமாற்றும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

அதற்கு முன் 'எஸ்' எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரின் கடைசியில் 'எஸ்' வந்தால் பன்மை, வினையின் கடைசியில் வந்தால் ஒருமை. 'பாய்ஸ் ப்ளே', 'தி டீம் ப்ளேஸ்'. டீமில் பதினொரு பேர் இருக்கிறார்களே என்று எண்ணி 'தி டீம் ப்ளேஸ்' என்பதையே பன்மை என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. இந்தக் குழப்பம் தீராமல் கீழே உள்ள எதுவும் பிடிபடாது. இறந்தகாலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. 'தி டீம் வன்', 'தி பாய்ஸ் வன்' இரண்டுக்கும் வினை ஒன்றே. அங்கே கவனிக்க வேண்டியது 'வாஸ்', 'வேர்' மட்டும்.

இனி முறைக்கு வருவோம். வாக்கியத்தில் செயலைச் செய்வது யார் என்று பாருங்கள். கூட்டம் முழுவதும் ஒரே ஆளைப் போலச் செய்தால் ஒருமை. உள்ளே இருப்பவர்கள் ஆளுக்கொன்றாகச் செய்தால் பன்மை போடலாம். கோயில் விழாக் கமிட்டி கூடித் தேதியை மாற்றியது என்றால், அது ஒரே முடிவு: 'தி கமிட்டி ஹேஸ் சேஞ்ச்ட் தி டேட்'. அதே கமிட்டி தேதியைப் பற்றித் தங்களுக்குள் வாக்குவாதம் செய்கிறது என்றால், ஒருவர் ஒன்று சொல்கிறார், மற்றவர் வேறு சொல்கிறார்: 'தி கமிட்டி ஆர் ஆர்க்யூயிங் அமங் தெம்செல்வ்ஸ்'. சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, நடுவில் 'ஆளுக்கு ஒரு' என்றோ 'தத்தம்' என்றோ சேர்த்துப் பாருங்கள். பொருள் கெடாமல் இருந்தால் பன்மைக்கு இடம் உண்டு. கெட்டால் ஒருமைதான்.

பன்மை காதுக்கு இடறினால் 'மெம்பர்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். 'தி மெம்பர்ஸ் ஆஃப் தி கமிட்டி ஆர் ஆர்க்யூயிங்'. இதை எந்த நாட்டுக்காரரும் தப்பு சொல்ல முடியாது. அலுவலகக் கடிதத்துக்கு இதுவே பாதுகாப்பு.

நாட்டுக்கு நாடு வழக்கமும் மாறும். அமெரிக்கர்கள் ஏறக்குறைய எப்போதும் ஒருமை போடுவார்கள். பிரிட்டிஷ் வழக்கில் பன்மை தாராளமாக வரும். கிரிக்கெட் வர்ணனையில் 'இந்தியா ஆர் டூ ஹண்ட்ரட் ஃபார் த்ரீ' என்று கேட்டிருப்பீர்கள். அங்கே இந்தியா என்பது நாடு அல்ல, ஆடுகிறவர்கள். 'இந்தியா இஸ் எ லார்ஜ் கன்ட்ரி' என்று நாட்டைச் சொல்லும்போது ஒருமைதான். எந்த வழக்கை எடுத்தாலும் கட்டுரை முடியும்வரை அதையே பிடிக்க வேண்டும். பள்ளித் தேர்வில் ஒற்றுமையாகச் செய்வதற்கு ஒருமை, பிரிந்து செய்வதற்குப் பன்மை என்ற விதிப்படி எழுதுங்கள்.

பெரும்பாலானோர் மதிப்பெண் இழப்பது 'ஆஃப்' வரும் இடத்தில்தான். கடையில் ஒரு மட்டி வாழைக்குலை தொங்குகிறது. 'எ பன்ச் ஆஃப் பனானாஸ் இஸ் ஹேங்கிங்'. 'பனானாஸ்' வினைக்குப் பக்கத்தில் இருப்பதால் கை தானாக 'ஆர்' எழுதிவிடுகிறது. தொங்குவது குலை. 'ஆஃப்' முதல் வினை வரைக்கும் உள்ளதைப் பென்சிலால் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்: 'எ பன்ச் இஸ் ஹேங்கிங்'. தோவாளைப் பூக்கூடைக்கும் இதுதான்: 'எ பாஸ்கெட் ஆஃப் ஃப்ளவர்ஸ் ஹேஸ் கம்'. குளச்சல் படகுகளுக்கும் இதுதான்: 'தி ஃப்ளீட் ஆஃப் போட்ஸ் ஹேஸ் ரிடர்ன்ட்'. கடலில் தெரிந்த சாளை மீன் கூட்டம் 'எ ஷோல் ஆஃப் சார்டின்ஸ் வாஸ் சீன்'. 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' வந்தாலும் 'ஹேஸ்' தான், ஏனென்றால் வந்தது ஒருவன்.

அடித்துப் பார்க்கும் இந்த வழி செல்லாத இடங்களும் உண்டு. 'எ லாட் ஆஃப்', 'எ நம்பர் ஆஃப்', 'தி மெஜாரிட்டி ஆஃப்' என்று வந்தால் பின்னால் வரும் பெயரைப் பார்க்க வேண்டும். 'எ நம்பர் ஆஃப் டூரிஸ்ட்ஸ் ஆர் வெயிட்டிங்' என்றால் பல பயணிகள் காத்திருக்கிறார்கள். 'தி நம்பர் ஆஃப் டூரிஸ்ட்ஸ் இஸ் ரைஸிங்' என்றால் எண்ணிக்கை கூடுகிறது. முன்னால் உள்ள 'எ', 'தி' மாறினால் வினையும் மாறுகிறது. இந்த ஜோடியை மனப்பாடமே செய்துவிடலாம்.

தமிழ் நம்மை நேராகத் தப்புக்குத் தள்ளும் இடம் போலீஸ். 'போலீஸ் வந்துது' என்கிறோம், 'ஒரு போலீஸ்' என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'தி போலீஸ் ஹேவ் கம்' என்று எப்போதும் பன்மை. ஒருவரைச் சொல்ல 'எ போலீஸ் ஆபீஸர்'. மாடு மேயுது என்ற பழக்கத்தில் 'கேட்டில் இஸ்' என்று எழுதுவதும் தப்பு, 'தி கேட்டில் ஆர் க்ரேஸிங்'. 'பீப்பிள்' சொல்லுக்கும் 'ஆர்' தான். இந்த மூன்றுக்கும் கடைசியில் பன்மை 'எஸ்' இல்லாததால் ஒருமை போலத் தோன்றும், அவ்வளவுதான்.

ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன் ஆகியவற்றுக்கு எப்போதும் 'இஸ்'. பன்மை 'எஸ்' சேர்க்கவே கூடாது. பத்துப் பெட்டி இருந்தாலும் 'மை லக்கேஜ் இஸ் ஹெவி'. 'ஸ்டாஃப்' சொல்லையும் ஆள் கணக்குக்கு 'டென் ஸ்டாஃப்ஸ்' என்று எழுதாமல் 'டென் ஸ்டாஃப் மெம்பர்ஸ்' என்று எழுதுங்கள். நம் பக்கம் 'ஃபேமிலி' என்று சொல்லி மனைவியைக் குறிப்பதும் உண்டு. ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் வீட்டார் எல்லோரும் என்றே படிக்கிறவர் எடுத்துக்கொள்வார்.

அளவுகளும் கூட்டப் பெயர் போலவே நடக்கும். கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையின் உயரம் பீடத்தோடு சேர்த்து 133 அடி. 'ஃபீட்' பன்மைதான், ஆனாலும் உயரம் ஒன்று: 'ஒன் ஹண்ட்ரட் தர்ட்டி த்ரீ ஃபீட் இஸ் இட்ஸ் ஹைட்'. 500 ரூபாய் போதும் என்பதற்கு 'ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீஸ் இஸ் இனஃப்'.

எழுதி முடித்ததும் 'இட்ஸ்', 'தேர்' இரண்டையும் தேடிப் பாருங்கள். 'தி டீம் ஹேஸ் வன் தேர் மேட்ச்' என்று முன்னால் ஒருமையும் பின்னால் பன்மையும் கலப்பது பரவலான பிழை. 'ஹேஸ்' போட்டால் 'இட்ஸ்', 'ஹேவ்' போட்டால் 'தேர்'. 'விச்', 'ஹூ' இரண்டிலும் இதே கணக்கு: 'தி டீம் விச் ஹேஸ் வன்', 'தி டீம் ஹூ ஹேவ் வன்'.

பழகுவதற்கு மூன்று வாக்கியம். முட்டம் போலீஸ் விசாரிக்கிறது. வகுப்பு அமைதியாக இருக்கிறது. வகுப்பு தத்தம் பரிசோதனையைச் செய்கிறது. முதலாவதுக்கு 'ஆர்', இரண்டாவதுக்கு 'இஸ்'. மூன்றாவதில் ஆளுக்கொரு பரிசோதனை என்பதால் 'தி கிளாஸ் ஆர் டூயிங் தேர் எக்ஸ்பெரிமென்ட்ஸ்'. அதில் 'தி கிளாஸ் இஸ் டூயிங் இட்ஸ் எக்ஸ்பெரிமென்ட்ஸ்' என்று எழுதினால் இலக்கணம் கெடாது, ஆனால் எல்லோரும் சேர்ந்து செய்தார்கள் என்ற பொருள் வந்துவிடும்.