பயாப்ஸி ரிப்போர்ட்ல எந்த செல் எதுக்கு வந்திருக்குன்னு படிக்கறது எப்படி

எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடல்ல வீக்கமும் புண்ணும் வர்ற நாள்பட்ட வியாதி, வந்து ஏழு வருஷம் ஆகுது. குடல்லேர்ந்து துளி திசு எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்த முதல் பயாப்ஸி ரிப்போர்ட்ல "கிரிப்ட் ஆப்செஸ்"னு ஒரு வரி இருந்துச்சு, அதப் பார்த்துட்டு அம்மா "குடல்ல சீழ் கட்டியாம்டா, ஆபரேஷன்தான் போல"ன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க, டாக்டர்கிட்ட கெடச்ச அஞ்சு நிமிஷத்துல அதக் கேக்கவும் தோணல. அப்புறம் படிச்சு படிச்சுதான் புரிஞ்சுது, அந்த ரிப்போர்ட்ல இருக்கற பாதி வார்த்தை, எந்த இம்யூன் செல் (எதிர்ப்பு சக்தி செல்) எங்க நிக்குதுங்கறதுதான்.

மொதல்ல நியூட்ரோஃபில்ங்கற வார்த்தைய தேடுங்க, பிரச்சனைன்னா மொதல்ல ஓடி வர்ற வெள்ளணு அது. பெருங்குடலோட உள்தோல்ல டெஸ்ட் ட்யூப்ப ஸ்டாண்டுல அடுக்கி வெச்ச மாதிரி குட்டி குட்டி குழிங்க வரிசையா இருக்கும், அதுதான் கிரிப்ட். நியூட்ரோஃபில் அந்த குழியோட சுவருக்குள்ள பூந்திருந்தா கிரிப்டைட்டிஸ், குழிக்கு உள்ளயே விழுந்து குவிஞ்சிருந்தா கிரிப்ட் ஆப்செஸ். மைக்ரோஸ்கோப்ல மட்டும் தெரியற சமாச்சாரம், கத்தி வெச்சு கீறி எடுக்கற கட்டி இல்ல. இந்த செல்லுக்கு ஆயுசு ரொம்ப கம்மி, அதனால அது திசுவுல இருக்குன்னா வீக்கம் இப்ப ஓடிட்டிருக்குன்னு அர்த்தம், அதத்தான் "ஆக்டிவ்"னு எழுதுவாங்க.

அடுத்தது "க்ரானிக்". இது நியூட்ரோஃபில் வேலை இல்ல, ஆன்டிபாடி செய்யற பிளாஸ்மா செல் வேலை. நியூட்ரோஃபில் விசேஷத்துக்கு வந்துட்டு போற ஆளுன்னா பிளாஸ்மா செல் குடும்பத்தோட குடிவந்த ஆளு. "பேசல் பிளாஸ்மசைட்டோசிஸ்"னு இருந்தா கிரிப்ட்டோட அடிவாரத்துல போய் கூட்டமா உக்காந்துடுச்சுன்னு அர்த்தம். ஏதோ கண்டத சாப்ட்டு வந்த இன்ஃபெக்ஷன்ல பொதுவா இப்படி ஆகாது, அதனால இது ஐபிடியா (அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், க்ரோன்ஸ் மாதிரி நாள்பட்ட குடல் வீக்க வியாதி) இல்ல சும்மா வந்துட்டு போற பேதியான்னு பிரிக்க இந்த ஒரு வரி ரொம்ப உதவும். கூடவே கிரிப்ட் கோணிப்போயிருக்குன்னும் இருந்தா வியாதி கொஞ்ச நாளாவே இருக்குன்னு வெச்சுக்கோங்க. க்ரானிக்னா "ரொம்ப முத்திடுச்சு"ன்னு நெனச்சுக்கறவங்க நெறைய பேரு, அது நாள்கணக்கு, தீவிரம் இல்ல.

லிம்ஃபோசைட்ங்கற இன்னொரு வகை வெள்ளணு இருக்குன்னு மட்டும் போட்டிருந்தா பயப்படாதீங்க, நல்லா இருக்கறவங்க குடல்லயும் அது எப்பவும் இருக்கும், அதுவும் வலது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கும்.

இப்ப நம்ம ஊர்ல ரொம்ப கவனமா படிக்க வேண்டிய வார்த்தை, கிரானுலோமா. கிருமிய முழுங்கற மேக்ரோஃபேஜ் செல்லுங்க ஒண்ணா சேர்ந்து உருண்டையா கட்டிக்கறது. க்ரோன்ஸ் வியாதியில வரும், ஆனா குடல் டிபிலயும் வரும், இந்தியால இந்த ரெண்டயும் பிரிக்கறது பெரிய டாக்டர்களுக்கே தலைவலி. உருண்டை பெருசா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நடுவுல செத்த திசுவோட இருந்தா, அதாவது "கேசியேட்டிங்"னு போட்டிருந்தா, டிபி பக்கம் சாயும். சின்னதா தனித்தனியா இருந்தா க்ரோன்ஸ் பக்கம். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்லயே கிரிப்ட் ஒடஞ்ச எடத்துக்கு பக்கத்துல ஒண்ணு ரெண்டு தெரியலாம், அத வெச்சு க்ரோன்ஸ்னு முடிவு கட்டக்கூடாது. கிரானுலோமா இல்லன்னாலும் க்ரோன்ஸ் இல்லன்னு சொல்ல முடியாது, ஏன்னா நெறைய பேருக்கு பயாப்ஸில அது சிக்கறதே இல்ல.

இது ஏன் முக்கியம்னா மருந்து. 1998லேர்ந்து க்ரோன்ஸுக்கு குடுக்கற இன்ஃப்ளிக்சிமாப், டிஎன்எஃப்ங்கற சிக்னல அடைக்குது. அதே டிஎன்எஃப்தான் டிபி கிருமிய சுத்தி மேக்ரோஃபேஜ் கட்டின வேலிய கலையாம வெச்சிருக்கு, அத அடைச்சா வேலி பிரிஞ்சு தூங்கிட்டிருந்த டிபி எழுந்துக்கலாம். ஊசிக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே, டிபி ப்ளட் டெஸ்ட்னு அலைய விடறது இதுக்காகத்தான், "பணம் புடுங்கறாங்க"ன்னு நானும் திட்டியிருக்கேன், தப்பு. வெடோலிசுமாப் வேற ரகம், லிம்ஃபோசைட் ரத்தத்துலேர்ந்து குடலுக்குள்ள நுழையற கதவ மட்டும் சாத்தும், அதனால மத்த எடத்துல எதிர்ப்பு சக்தி அவ்வளவா கொறையாது, ஆனா வேலை செய்ய வாரக்கணக்குல ஆகும். எல்லா சிக்னலயும் அடைச்சா நல்லதுன்னும் இல்ல, ஐஎல்-17ங்கற இன்னொரு சிக்னல அடைக்கற செக்குகினுமாப்ப க்ரோன்ஸுக்கு குடுத்துப் பார்த்தாங்க, சில பேருக்கு இன்னும் மோசமாச்சு.

சரி, ஒவ்வொரு தடவையும் ஸ்கோப் (கொலனோஸ்கோப்பி) போட முடியாதுல்ல, அதுக்குத்தான் மலத்துல பாக்கற கால்ப்ரொடெக்டின். அது நியூட்ரோஃபில் தனக்குள்ள ரொப்பி வெச்சிருக்கற புரதம், செல் குடலுக்குள்ள வந்து ஒடையும்போது மலத்தோட வெளிய வரும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்கு கீழ இருந்தா நிம்மதி, 250க்கு மேலன்னா வீக்கம் ஓடிட்டிருக்க வாய்ப்பு அதிகம், நடுவுல இருந்தா சில வாரம் விட்டு திரும்ப பாக்கச் சொல்வாங்க. காலைல மொதல் தடவை போறதுலேர்ந்து எடுங்க, கமோட் தண்ணிலயோ யூரின்லயோ படாம ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவ வெச்சு புடிச்சு டப்பி மூடியில இருக்கற குட்டி ஸ்பூனால கொஞ்சம் போதும். ஒரு தடவை பல்வலிக்கு நாலு நாள் ஐபுபுரோஃபன் போட்டுட்டு டெஸ்ட் குடுத்தேன், 380 வந்து நிக்குது, எனக்கோ வயித்துல ஒரு தொந்தரவும் இல்ல! அந்த மாதிரி வலி மாத்திரை நம்பர ஏத்தி விடும், சாப்ட்டிருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. ஒரே லேப்லயே குடுங்க, கிட் மாறினா நம்பரும் மாறும்.

கடைசியா ஒண்ணு, செகண்ட் ஒப்பீனியன் போறதா இருந்தா ரிப்போர்ட் பேப்பரோட நிக்காம லேப்ல ஸ்லைடும் பாரஃபின் ப்ளாக்கும் (திசுவ மெழுகுல பதிச்சு வெச்ச கட்டி) கேட்டு வாங்கிக்கோங்க, எழுதிக் குடுத்தா தருவாங்க, வேற பேத்தாலஜிஸ்ட் அதையே வெச்சு பாக்கலாம். இது தெரியாம நான் குடல சுத்தம் பண்ண குடுக்கற அந்த உப்பு கரிக்கற மருந்துத் தண்ணிய ராத்திரி பூரா குடிச்சு ரெண்டாவது ஸ்கோப்புக்கு போய் படுத்தேன்.