சைட் இன்ஜினியர்கள் இங்கிலாந்தில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் எம்எஸ்சி சேர்வது எப்படி?

பி.இ. சிவில் முடித்துவிட்டு மூன்று நான்கு வருஷம் சைட்டில் வெயில் தின்றவர்கள், இனி ஒரு மாஸ்டர்ஸ் இருந்தால்தான் மேலே போக முடியும் என்று நினைப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட் எடுப்பது, ஐஇஎல்டிஎஸ் தேதி பிடிப்பது எல்லாம் இதில் வராது, அதற்கு யூடியூபில் வேண்டிய அளவு இருக்கிறது. நான் விண்ணப்பித்தபோது யாரும் தெளிவாகச் சொல்லாத விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில்: இது உங்களுக்கு வேண்டுமா?

இப்போதைய கம்பெனியிலேயே இருந்து பதவி உயர்வு வாங்குவதுதான் குறி என்றால் பிஎம்பி சான்றிதழே (பிஎம்ஐ என்ற அமெரிக்க அமைப்பு ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்குத் தருவது) போதும். டிகிரி, 36 மாத ப்ராஜெக்ட் அனுபவம், 35 மணி நேரப் பயிற்சி இருந்தால் தேர்வு எழுதலாம். செலவிலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எம்எஸ்சிக்குப் பல இடங்களில் ஃபீஸ் மட்டுமே 25 ஆயிரம் பவுண்டைத் தாண்டும். வேறு நாட்டில் வேலை தேட வேண்டும், அல்லது சைட்டை விட்டு காண்ட்ராக்ட், க்ளெய்ம்ஸ், க்ளையன்ட் தரப்பு கன்சல்டன்சி என்று தடம் மாற வேண்டும் என்றால் எம்எஸ்சிக்கு அர்த்தம் உண்டு.

கல்யாணம் ஆனவர்கள் இப்போதே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜனவரிக்குப் பிறகு தொடங்கும் இந்த மாதிரி படிப்புகளுக்கு மனைவியையோ கணவனையோ டிபெண்டன்ட் விசாவில் கூட்டிப்போக முடியாது. படிப்பு முடிந்து வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசாவும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருஷத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. கடன் கணக்குப் போடும்போது அந்த 18 மாதத்தை வைத்துப் போடுங்கள். ஏஜென்ட் ஆபீஸில் இன்னும் இரண்டு வருஷம் என்றுதான் சொல்வார்கள்.

படிப்பைத் தேடுவது

தேடும் பெட்டியில் "ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்" என்று மட்டும் போட்டால் நல்ல படிப்புகள் சில கண்ணிலேயே படாது. மான்செஸ்டரில் அதற்குப் பெயர் மேனேஜ்மென்ட் ஆஃப் ப்ராஜெக்ட்ஸ், வார்விக்கில் ப்ரோக்ராம் அண்ட் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், லீட்ஸில் இன்ஜினியரிங் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட். பெயரை விடுங்கள், மாட்யூல் பட்டியலைத் திறந்து பாருங்கள். மொத்தம் 180 கிரெடிட், அதில் பெரும்பாலும் 60 டிசர்டேஷனுக்கே (கடைசியில் எழுதும் ஆய்வறிக்கை) போய்விடும். மீதி 120-இல் காண்ட்ராக்ட், ரிஸ்க், ப்ளானிங் எவ்வளவு, பொதுவான எம்பிஏ சரக்கு எவ்வளவு என்று பார்த்தால் அந்தப் படிப்பின் லட்சணம் தெரிந்துவிடும்.

அடுத்தது அங்கீகாரம். ஏபிஎம் என்பது ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டுக்கான இங்கிலாந்தின் சொந்த அமைப்பு, கட்டுமானத்துக்கு ஆர்ஐசிஎஸ் என்ற அமைப்பு, பிஎம்பி தரும் பிஎம்ஐக்கு ஜிஏசி என்று தனி அங்கீகாரம். ஜிஏசி உள்ள படிப்பு என்றால் பின்னால் பிஎம்பி எழுத 36-க்குப் பதில் 24 மாத அனுபவம் போதும். பல்கலைக்கழகப் பக்கத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்பாமல் அந்த அமைப்பின் தளத்திலேயே உங்கள் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

ஏஜென்ட் வேண்டுமா? இலவசம் என்பார்கள். அவர்களுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது, அதனால் கமிஷன் வரும் இடத்தைத்தான் உங்களிடம் நீட்டுவார்கள். நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், ஒன்றும் கஷ்டம் இல்லை. எல்லாத் தேதிகளையும் ஒரு கூகுள் ஷீட்டில் போட்டு வையுங்கள், அதற்கென்று தனி ஆப் எல்லாம் தேவையில்லை.

எஸ்ஓபி

எஸ்ஓபி என்பது ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதி அனுப்பும் கடிதம். அதை "சிறு வயது முதலே கட்டடங்கள் மீது எனக்கு ஆர்வம்" என்று ஆரம்பித்தால் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவார்கள். சைட்டில் நடந்த ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக: காலையில் ஸ்லாப் காஸ்டிங், ஆர்எம்சி வண்டி கேட்டில் வந்து நிற்கிறது, சென்ட்ரிங் முடிந்தது, கம்பி கட்டியாயிற்று, ஆனால் எலக்ட்ரிக்கல் ஆட்கள் கண்டியூட் பைப்பைப் பாதிதான் போட்டிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால், திருத்திய ட்ராயிங் நேற்று ராத்திரிதான் வாட்ஸாப்பில் வந்தது என்கிறார்கள். வண்டியில் கான்கிரீட் இறுகிக்கொண்டிருக்கிறது, திருப்பி அனுப்பினால் அந்த நஷ்டம் யார் தலையில்? இதற்கு காண்ட்ராக்டில் என்ன இருந்தது, யாரும் படிக்கவில்லை என்பதுதான் உண்மையான பதில். இந்த இடத்திலிருந்து நேராக "அதனால்தான் உங்கள் காண்ட்ராக்ட் மாட்யூல் எனக்கு வேண்டும்" என்று போய்விடலாம். ஏஐயிடம் எழுதி வாங்காதீர்கள். அதற்கு இந்தக் கண்டியூட் விவகாரம் தெரியாது.

பணம் காட்டுவது: இங்கேதான் தூக்கம் போகும்

ஆஃபர் வந்து, டெபாசிட் கட்டி, சிஏஎஸ் என்ற எண் (உங்களைச் சேர்த்துக்கொண்டதற்குப் பல்கலைக்கழகம் தருவது) கிடைத்த பிறகுதான் விசா. ஆனால் பணத்தை சிஏஎஸ் வருவதற்கு முன்பே தயார் செய்து வைக்க வேண்டும். கட்ட வேண்டிய மீதி ஃபீஸ், அதோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,171. அதாவது லண்டனுக்கு வெளியே 10,539 பவுண்டு, ஃபீஸ் தனி.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். சராசரி எல்லாம் பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இதில் ஆளைக் கவிழ்ப்பது பெரிய செலவு இல்லை, அது நமக்கு ஞாபகம் இருக்கும். அப்பாவின் எல்ஐசி ப்ரீமியம் தானாகக் கழிவது, பைக் இஎம்ஐ, வங்கி பிடிக்கும் எஸ்எம்எஸ் கட்டணம், இந்தச் சில்லறைகள்தான். அந்த 28 நாளும் அந்தக் கணக்கில் ஜிபே கூட வேண்டாம். முடிந்தால் ஆட்டோ டெபிட் எதுவும் இணைக்காத தனிக் கணக்கில் பணத்தை வைத்துவிடுங்கள், என் பேச்சைக் கேளுங்கள்.

ரூபாயை பவுண்டாக மாற்றும்போது நம் வங்கியின் ரேட்டை எடுக்க மாட்டார்கள். விண்ணப்பிக்கும் தேதியில் ஓஆண்டா தளத்தில் என்ன ரேட்டோ அதுதான். ரூபாய் சரிந்தால் உங்கள் பணமும் சரியும், அதனால் சரியான தொகைக்கு மேல் ஒன்றிரண்டு லட்சம் கூடுதலாக இருக்கட்டும். ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதி, நீங்கள் விண்ணப்பிக்கும் நாளிலிருந்து 31 நாளுக்குள் இருக்க வேண்டும்.

யாருடைய பணம்? உங்களுடையது அல்லது பெற்றோருடையது. அண்ணன் கணக்கு, மாமா கணக்கு செல்லாது, அவர் எவ்வளவு பாசமானவராக இருந்தாலும் சரி. நகை, நிலம், பிஎஃப் இருப்பு எதுவும் இதற்கு உதவாது. பெற்றோர் கணக்கு என்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழும் அவர்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும்.

கல்விக் கடன் வாங்குபவர்களுக்கு இந்த 28 நாள் தலைவலி கிடையாது. கடன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், வங்கிக் கடிதம் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் பணம் இருந்தாலும் கடன் வழியே நிம்மதி என்பேன். வட்டிக்கு வருமான வரிச்சலுகை கேட்கலாம், ஆனால் அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான்.

இதற்குப் பிறகு டிபி டெஸ்ட். அங்கீகரித்த கிளினிக் சென்னையிலேயே உண்டு, சான்று ஆறு மாதம் செல்லும். அப்புறம் ஆன்லைன் விண்ணப்பத்தோடு மருத்துவ சர்சார்ஜ் (அங்குள்ள அரசு மருத்துவ சேவைக்கு முன்பே கட்டுவது), மாணவர்களுக்கு வருஷத்துக்கு 776 பவுண்டு. விசா ஒரு வருஷத்துக்கு மேல் வரும் என்பதால் 776-ஓடு நிற்காது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: நண்பர்கள் கேட்டவை

இதை எழுதிய பிறகு அதிகம் பேர் கேட்டது பெயர் குழப்பம் பற்றி. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் சுப்பிரமணியன், பாஸ்புக்கில் சுப்பிரமணி. நம் ஊரில் இது சகஜம், ஆனால் விசா அதிகாரிக்கு அவர்கள் இரண்டு பேர். சான்றிதழைத் திருத்த அலைவதை விட, பணத்தை உங்கள் கணக்குக்கே மாற்றி, அங்கிருந்து 28 நாளைத் தொடங்குவது சுலபம். அப்பாவிடமிருந்துதான் வந்தது என்று ஒரு கடிதம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சிஏஎஸ் தரும் முன் சில பல்கலைக்கழகங்கள் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்.

இன்ஷியல் தொல்லையும் இதே ரகம். மார்க்‌ஷீட்டில் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. விண்ணப்பம், ஐஇஎல்டிஎஸ், கடன் கடிதம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள்.

இன்னொருவர் நேர்காணல் பற்றிக் கேட்டிருந்தார். ஆமாம், சில இடங்களில் சிஏஎஸ் தரும் முன் வீடியோவில் கூப்பிடுவார்கள். மாட்யூல் பெயர்கள், மொத்த ஃபீஸ், எங்கே தங்கப் போகிறீர்கள், ஏன் இதை இந்தியாவில் படிக்கவில்லை, இவ்வளவுதான் கேள்விகள். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் உடனே தெரிந்துவிடும். எஸ்ஓபியை நீங்களே எழுதியிருந்தால் இதற்குத் தனியாகத் தயாராக வேண்டியதில்லை, ஃபீஸ் தொகையை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு உட்காருங்கள்.