கம்பி வைத்த ஹாலோ பிளாக் சுவரைக் கணினியில் தள்ளிப் பார்க்கலாம்

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றில் நின்றவர்களுக்குப் பக்கவாட்டு விசையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்ததையும் நம் குமரி மாவட்டம் மறக்கவில்லை. வீட்டின் முகப்பில் மோதும் காற்று, மேல்தளம் வழியாகப் பக்கச் சுவர்களுக்குப் போய் அவற்றை நீளவாக்கில் தள்ளும். இன்று அந்தத் தள்ளலை மட்டும் பார்ப்போம்.

கட்டுமானங்கள் விசையை எப்படித் தாங்கும் என்று கணக்கிடும் மென்பொருள் ஓப்பன்சீஸ் (OpenSees). இலவசம், பைத்தான் வழியாகவும் ஓட்டலாம்.

1. சுவரைத் தேர்ந்தெடுங்கள். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நிற்கும் ஒரு துண்டுச் சுவர் போதும். உயரம் 3000 மிமீ, நீளம் 1200, தடிமன் 200. குழிகள் முழுக்கக் காங்கிரீட். இரு முனையிலிருந்தும் 100 மிமீ உள்ளே தலா ஒரு 12 மிமீ கம்பி, 500 கிரேடு (500 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்கும்). கட்டுமானத்தின் அமுக்க வலிமை 5 மெகாபாஸ்கல், மீட்சிக் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) அதைப்போல் 900 மடங்கு, அதாவது 4500 என்று வைத்துக்கொள்வோம்.

2. முதலில் கையால் கணக்கிடுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். உச்சியில் 1 கிலோநியூட்டன் தள்ளினால் வளைவால் 0.069 மிமீ, வெட்டுவிசையால் (சுவரின் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று சறுக்கவைக்கும் விசை) 0.008 மிமீ நகரும். மொத்தம் சுமார் 0.078.

3. மாதிரியைக் கட்டுங்கள். அடியை இறுக்கி, ஒரு தூணைப்போல் நிறுத்துங்கள். குறுக்குவெட்டை மெல்லிய கீற்றுகளாக வெட்டுவதுதான் ஃபைபர் முறை. ஓப்பன்சீஸில் ஆயத்தமாக உள்ள பொருள் மாதிரிகளில், கட்டுமானத்துக்குக் கான்கிரீட்01 (Concrete01), அது இழுவிசையைத் தாங்காது. கம்பிக்கு ஸ்டீல்02 (Steel02). கான்கிரீட்01-இன் தொடக்கச் சரிவு, அதாவது தொடக்க விறைப்பு, வலிமையின் இரு மடங்கை உச்சத் திரிபால் (உச்ச வலிமையை எட்டும்போது உள்ள சுருக்க விகிதம்) வகுத்தது. ஆகவே 4500 வர, திரிபு 0.0022 என்று கொடுங்கள். பலர் இங்கேதான் தவறுவார்கள்.

இன்னொன்று: ஃபைபர் கீற்றுகளுக்கு வெட்டுவிசை தெரியாது. அதற்குத் தனியாக ஒரு ஸ்பிரிங் சேர்க்க வேண்டும். நான் முதலில் செய்த மாதிரியில் இதை விட்டுவிட்டேன். கையால் போட்ட கணக்குதான் காட்டிக்கொடுத்தது.

4. முதலில் சுமை, அப்புறம் தள்ளல். மேலே 50 கிலோநியூட்டன் ஏற்றி, அதை மாறாமல் நிறுத்திவிட்டு, உச்சியை 1 கிலோநியூட்டனால் தள்ளுங்கள். கம்பி விறைப்பைச் சற்றுக் கூட்டுவதால் விடை 0.078-க்குக் கொஞ்சம் குறைவாக வரும், சரி. பல மடங்கு மாறி வந்தால் அலகுகளைப் பாருங்கள்.

5. முழுதாகத் தள்ளுங்கள். விசையைக் கூட்டிக்கொண்டே போனால் உச்சத்தில் கணக்கு நின்றுவிடும், ஏனென்றால் அதற்கு மேல் சுவரால் எதிர்க்க முடியாது. எனவே இடப்பெயர்ச்சியைக் கட்டுப்படுத்தி, சிறு சிறு படிகளில் 30 மிமீ வரை நகர்த்துங்கள். கையால் போட்டால் உச்சம் 28 கிலோநியூட்டன் பக்கம். மேல் சுமை இல்லாவிட்டால் 20 தான். 50 கிலோநியூட்டன் ஏற்றிய சுவரின் விசை-நகர்வு வளைகோடு 28-க்கு அருகில் மடங்க வேண்டும்.

இப்போது நீளத்தை 3000 ஆக்குங்கள். நகர்வில் வெட்டுவிசையின் பங்கு பத்தில் ஒன்றிலிருந்து நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். அங்கே நேர்கோட்டு ஸ்பிரிங் போதாது. மூலைவிட்டமாக விரிசல் விடும் விசையையும் ஸ்பிரிங்குக்கு வரம்பாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உடைந்திருக்க வேண்டிய சுவர் திரையில் நின்றுகொண்டே இருக்கும்.