சென்னையில் கிரஸ்டட் கெக்கோ வளர்க்கலாமா? முதலில் உங்கள் அறையின் சூட்டைப் பாருங்கள்

கிரஸ்டட் கெக்கோ என்ற பல்லியை வாங்கும் முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் காட்டி, அன்றைய அதிகபட்சத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும் சின்ன டிஜிட்டல் கருவி போதும். கூண்டை எங்கே வைக்கப் போகிறீர்களோ அதே இடத்தில் அக்னி நட்சத்திரம் முழுக்க அதை வைத்துவிடுங்கள். மதியம் மூன்று மணிக்கு என்ன காட்டுகிறது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்ன, விடியற்காலையில் என்ன என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அறை அடிக்கடி 28 டிகிரியைத் தாண்டுகிறது, அதைக் குறைக்க உங்களிடம் வழியில்லை என்றால் கிரஸ்டட் கெக்கோ வாங்க வேண்டாம்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இதன் சொந்த ஊர். பசிபிக்கில் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கும் நியூ கலிடோனியாவின் தென்பகுதி மழைக்காடுகள்தான் இதன் வீடு. 1866-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாகி, பிறகு கண்ணிலேயே படாமல் போய், அழிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்த பல்லி இது. 1994-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று உலகெங்கும் வீடுகளில் பெருகி வாழ்ந்தாலும் சொந்தக் காட்டில் அதன் நிலை இன்னும் ஆபத்தானதுதான். 22 முதல் 26 டிகிரி வரை அதற்குச் சுகம். 28-க்கு மேல் போனால் வாடும். 30-க்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. நம் ஊரின் மே மாத ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் மடிப்பாக்கத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் இருக்கிறேன். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் நள்ளிரவு வரை அனலைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்தபடி இரவு ஷிப்ட் வேலை பார்ப்பதால் என் அறையில் ஏசி எப்படியும் ஓடும். அந்த ஒரே காரணத்தால்தான் கடுகு என்று நான் பெயர் வைத்திருக்கும் என் கெக்கோவை வீட்டுக்குக் கொண்டுவரத் துணிந்தேன். ஏசி ராத்திரிக்கு மட்டும் போதாது, கோடையில் பகலிலும் வேண்டும். நீங்கள் ஊருக்குப் போகும் நாட்களிலும் வேண்டும். மின்கட்டணத்தை முதலிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் விகிதமே மாறிவிடும். கெக்கோவுக்குக் கொடுக்கும் விலை ஒருமுறைதான், இந்தச் செலவு ஒவ்வொரு கோடையும் வரும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று பலரும் கேட்பது புயலை மனதில் வைத்து. மிக்ஜாம் வந்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, ஆனால் அது டிசம்பர். அந்த மாதத்தின் குளிர்ச்சி கெக்கோவுக்கு ஒத்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது மே மாத ராத்திரியில், தெருவே ஏசி போட்டு டிரான்ஸ்பார்மர் தாங்காமல் போகும் கட்டைத்தான். வீட்டு இன்வெர்ட்டர் பொதுவாக ஏசியை இழுக்காது. அதனால் ஃப்ரீசரில் எப்போதும் இரண்டு மூன்று தண்ணீர் பாட்டில்கள் உறைந்தே இருக்கட்டும். ஒரு தெர்மகோல் பெட்டியும் கையில் இருக்க வேண்டும். கட் நீண்டால், காற்றுத் துளை போட்ட டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்து கெக்கோவை உள்ளே விடுங்கள். அந்த டப்பாவைத் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, துணி சுற்றிய பாட்டிலைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பாட்டில் டப்பாவை ஒட்டியிருக்கக் கூடாது. மூடியைக் கொஞ்சம் திறந்தே வைத்து, உள்ளே தெர்மாமீட்டரையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள்.

சூட்டைச் சமாளித்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. வளர்ந்த ஒரு கெக்கோவுக்கு 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரம் உள்ள கண்ணாடிக் கூண்டு வேண்டும். மேலே வலை இருக்க வேண்டும். மீன்தொட்டி செய்பவர்கள் கொளத்தூரில் நிறைய இருக்கிறார்கள். முன்பக்கம் கதவு, மேலே வலை என்று வரைந்து காட்டினால் செய்து தருவார்கள். இது மரத்தில் வாழும் பல்லி, தரையைவிட உயரம்தான் முக்கியம். குறுக்கே மூங்கில் கழிகள், மரப்பட்டை, ஒளிந்துகொள்ளத் தேங்காய்ச் சிரட்டை, நிஜ மணிபிளாண்ட் போதும். பிளாஸ்டிக் பூவெல்லாம் தேவையில்லை. கீழே கோகோபீட் போடலாம், குட்டியாக இருந்தால் வெறும் டிஷ்யூ பேப்பர் நல்லது.

சென்னைக் காற்றிலேயே ஈரம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஏசி அறை காய்ந்துவிடும். ராத்திரி விளக்கை அணைத்ததும் ஸ்ப்ரே பாட்டிலால் இலைகள் நனையத் தெளியுங்கள், பகலில் உலர விடுங்கள். இலையிலிருந்து சொட்டும் நீரை நக்கித்தான் பெரும்பாலும் குடிக்கும். எப்போதும் ஈரமாகவே இருந்தாலும் கெடுதல், காய்ந்தே இருந்தால் தோல் உரிவதில் சிக்கல் வரும். உரிந்த தோல் விரலில் வளையம்போல் இறுகினால் விரலே போய்விடும். எங்கள் தெரு போர் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியவைக்கிறது, அதனால் நான் ஆர்.ஓ. தண்ணீர் தெளிக்கிறேன்.

சாப்பாட்டுக்கு இதற்கென்றே பழப்பொடி உணவு வருகிறது, வெளிநாட்டுத் தயாரிப்பு. தண்ணீரில் குழைத்துச் சின்ன மூடியில் சாயங்காலம் வைத்து, காலையில் எடுத்துவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் அதற்குமேல் வைத்தால் புளித்துவிடும். கூடவே வாரம் ஒருமுறை கால்சியம் பொடி தூவிய கிரிக்கெட் பூச்சி கொடுக்கலாம், கெக்கோவின் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. வெறும் வாழைப்பழமும் மாம்பழமும் ஊட்டி வளர்த்தால் கால்சியம் குறைந்து எலும்பு வளையும், தாடை தொளதொளத்துப் போகும். வீட்டில் பிடித்த கரப்பானைக் கொடுக்கவே கூடாது. அது எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ, யாருக்குத் தெரியும்? கொசு மருந்து மெஷின், சாம்பிராணிப் புகை, கரப்பான் ஸ்ப்ரே இவையும் அந்த அறைக்குள் வேண்டாம்.

இனிப்புக் கூழ் இருந்தால் எறும்பு வரும். தூங்கும் கெக்கோவை எறும்பு கடித்துப் புண்ணாக்கிவிடும். எங்கள் பாட்டி பலகாரப் பாத்திரத்துக்குச் செய்த அதே வழிதான் இங்கேயும்: கூண்டு நிற்கும் மேஜையின் நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்தி வையுங்கள். கொசு முட்டையிடாமல் இருக்கத் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

கையில் எடுப்பது பற்றி. வந்த முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம். பிறகும் ஒருமுறைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எடுக்கும் முன் சீலிங் ஃபேனை அணைத்து, அது முழுதும் நின்றதைப் பாருங்கள். இது தாவும் பல்லி, எந்தத் திசையில் தாவும் என்று அதற்கே தெரியாது. ஜன்னல், கதவிடுக்கு எல்லாம் மூடியிருக்க வேண்டும். பயந்தால் வாலை உதறிவிடும், நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு முளைப்பதுபோல் இதற்கு அந்த வால் மறுபடி முளைக்காது. வாலில்லாமலும் நன்றாகவே வாழும், ஆனாலும் வாலைப் பிடித்து இழுக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் இன்னும் சில வருடம் பொறுங்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தொடாமல் இருப்பதே நல்லது. தொட்டவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு வளர்ப்பதில் என்ன இருக்கிறது? எனக்கு நிறைய இருக்கிறது. ஊர் அடங்கிய பிறகுதான் கடுகு விழிக்கும். இமை இல்லாத கண்ணை நீண்ட நாக்கால் துடைத்துக்கொள்ளும். விரல்களோடு வால் நுனியும் ஒட்டிப் பிடிக்கும், அதை ஊன்றிக்கொண்டு மூங்கிலிலிருந்து கண்ணாடிக்குத் தாவும். வேலைக்கு நடுவே நிமிர்ந்து அதைப் பார்ப்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அது என்னை அடையாளம் கண்டு ஓடி வராது, கொஞ்சினால் கொஞ்சாது. பார்ப்பதிலேயே நிறைவு காண்பவர்களுக்கு இது அருமையான துணை. பகலில் விளையாட ஒரு பிராணி வேண்டுமென்றால் இது வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குத் தூங்கும் வீட்டில் அது இருப்பதே தெரியாது. பல்லி ஆர்வம் மட்டும் இருந்து ஏசி அறை இல்லாதவர்கள் ட்யூப்லைட் அருகே வேட்டையாடும் நம் வீட்டுப் பல்லியைத் தினமும் கவனித்து எழுதுங்கள். அதற்குக் கூண்டும் வேண்டாம், செலவும் இல்லை.

வாங்குவதானால் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் வாங்குங்கள், பயணச் சூடு இருக்காது. இங்கேயே முட்டை பொரித்து வளர்த்தவரிடம், அதன் தாய் தகப்பனைக் காட்டக்கூடியவரிடம், ரசீதோடு வாங்குங்கள். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் திணித்துக் கொண்டுவரும் பிராணிகள் சென்னை விமான நிலையத்தில் எத்தனை முறை பிடிபட்டிருக்கின்றன என்று செய்தி படிப்பவர்களுக்குத் தெரியும். பிடிபடாமல் தப்பியது உங்கள் கூண்டுக்கு வரக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்ட பிறகு, சைட்டீஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பட்டியல் அவ்வப்போது மாறும், அதனால் பணம் கொடுக்கும் முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். மருத்துவரையும் முன்பே பாருங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள கிளினிக்கிலோ ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகியவர் எந்த நாளில் இருப்பார் என்று விசாரித்து எழுதி வையுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை தொடர்ந்து குறைவது நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

ஒன்று மட்டும் வளருங்கள். இரண்டு ஆண்கள் சண்டையிட்டுக் காயப்படுத்திக்கொள்ளும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் மாதம் ஒரு ஜோடி முட்டை வரக்கூடும், அத்தனை குட்டிக்கும் குளிர்ந்த அறை உங்களிடம் இருக்காது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருடம், 20 வருடம்கூட இருக்கும். அதற்குள் கல்யாணம், வீடு மாற்றம், வெளிநாட்டு வேலை எல்லாம் வரலாம். எனக்கு ஏதாவது ஆனால் கடுகை எடுத்துக்கொள்ள என் சித்தி மகள் ஒத்துக்கொண்டிருக்கிறாள். சாப்பாடு கலக்கும் அளவு, டாக்டரின் நம்பர், தெர்மகோல் பெட்டி இருக்கும் இடம் எல்லாம் எழுதிக் கூண்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். நீங்களும் வாங்கும் முன்பே அப்படி ஒருவரைக் கேட்டு வையுங்கள். யாரும் கிடைக்கவில்லை என்றாலும் பூங்காவிலோ தோப்பிலோ விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நம் வெயிலில் அது பிழைக்காது.